வலப்பக்கங்களை மட்டும் படித்தவள்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிற பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது நாவல் கையில் கிடைத்தால் முதலில் வலப்பக்கங்களை மட்டும் படிப்பாள். ஒன்று, மூன்று, ஐந்து என்று கடைசி வரை போய்விட்டு, மூடி வைத்து ஒரு நாள் ஆறப் போடுவாள். இடப்பக்கங்களுக்கு மறுநாள்தான் முறை.

எல்லா நாவலுக்கும் இந்த மரியாதை கிடையாது. நாளைக்கு உலகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிற நாவல்களுக்கு மட்டும்தான். சிரிப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய ஊர், தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிற ஊர், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கக் கூடாத ஊர் என்று மெஷினுக்குப் பின்னால் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறாள். காதல் கதை கொடுத்தால் நாலாம் பக்கத்தில் கொட்டாவி விடுவாள். "இருக்கிற பயம் போதாதுன்னு வேற எங்கயாவது போய் வாங்கிட்டு வருவியா?" என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். அந்தப் பயம் அவளைத் தேடித்தான் வந்தது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

கடை அப்போது அப்பாவினுடையது. முன்னால் மெஷின், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை. மெஷின் பழசு. தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிக்கத் தெரியாது. ஒரு புத்தகத்தை நகலெடுக்க வேண்டும் என்றால் முதலில் வலப்பக்கங்களை எல்லாம் அடிக்க வேண்டும். சூடாக வெளியே வரும் தாள்கள் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். அப்படியே திருப்பிப் போட்டால் மெஷின் மென்று துப்பிவிடும். அதனால் அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி ஆறவிடுவார்கள். மறுநாள்தான் பின்பக்கம் அடிப்பார்கள்.

அச்சு கீழே இருப்பதால், பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் தாள் கட்டு; புதுத் தாள் கட்டையும் அதே பெட்டிக்கு அடியில்தான் வைப்பார்கள். அதற்காக அப்பா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆறுகிற கட்டின் மேல் ஒரு சிவப்புச் சீட்டு வைக்க வேண்டும். சிவப்பு இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் மெஷினில் போடு. இவ்வளவுதான் சட்டம்.

சட்டத்தில் அப்பா கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம், இரண்டாம் மாடிப் பெண்மணி ஒருத்தியின் அடையாள அட்டை நகல் ஒன்று கோணலாக விழுந்து வீணாகிப்போனது. அதை அப்பா கிழிக்காமல் கூடையில் போட, அது எப்படியோ வாட்ச்மேன் அண்ணனிடம் போய், அவர் டீ கிளாஸுக்கு அடியில் விரித்திருந்தார். அந்தப் பெண்மணியின் முகத்தின் மேல் வட்டமாக டீக் கறை. அவளுக்குக் கட்டடத்தில் 'ஒலிபெருக்கி' என்று பெயர். அன்றைக்கு அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல் நடந்துகொண்டாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கீழே இறங்கி வந்து, அப்பாவை வாடிக்கையாளர்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"இன்னொரு தாள், ஒரே ஒரு தாள், தப்பா வெளியே போச்சுன்னு கேள்விப்பட்டேன்னா, ஷட்டரை இறக்கிட்டு மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். புரியுதா?"

"புரியுதுங்க சார். இனிமே போகாதுங்க சார்."

கடை போனால் அறையும் போகும். அதைச் செயலாளர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அன்றிலிருந்து அப்பா வீணான தாள் ஒவ்வொன்றையும் நான்காகக் கிழித்தார். சில நாள் எட்டாக.

இந்த நிலைமையில்தான் மூன்றாம் மாடியிலிருந்து ஊசி அக்கா ஒரு புத்தகத்தோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினேழாம் எண் வீட்டில் தனியாக இருந்தாள். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று எந்நேரமும் அவசரமாகவே படியிறங்குவாள். புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் தாளும் பாதி கிழிந்து, தலைப்பு போயிருந்தது.

"இரவல் புக்கு. ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்தாகணும். ஒரு காப்பி போட்டு வை. ஆனா படிச்சிடாதே."

"ஏன்க்கா?"

"எனக்கே மூணு நாளா கதவைத் திறக்க பயமா இருக்கு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஜுரம் வந்தா அதுக்கும் நான்தான் ஊசி போடணும்."

படிக்காதே என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தாள். புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்ப்பது, பொத்தானை அமுக்குவது, பச்சை வெளிச்சம் ஒரு முறை போய்வருவது, எடுத்துப் புரட்டுவது. புரட்டுகிற நேரத்தில் கண்ணில் பட்டதைப் படித்தாள். பிறகு புரட்டுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள்.

கதையில் ஒரு நகரம். தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லோரும் தங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எண்ணுகிறவர்கள் வருவார்கள். எண்ணும்போது வாசலில் இல்லாதவர், அதற்குப் பிறகு இல்லவே இல்லை. அவருடைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவரைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அவ்வளவுதான். அடி இல்லை, உதை இல்லை, துப்பாக்கி இல்லை.

அவள் கையில் வந்ததோ வலப்பக்கங்கள் மட்டும். இருபத்து மூன்றாம் பக்கம், "தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பியபோது, கதவுக்கு வெளியே" என்று அறுந்துபோனது. இருபத்தைந்தாம் பக்கம், "என்று யாரும் கேட்கவில்லை" என்று ஆரம்பித்தது. நடுவில் என்ன நடந்தது? கதவுக்கு வெளியே யார்? யாரும் கேட்காமல் விட்டது எதை? புத்தகத்தைத் திருப்பி இடப்பக்கத்தைப் பார்த்திருக்கலாம். ஏனோ பார்க்கவில்லை. அந்த இருட்டுப் பக்கத்தைத் தானே எழுதிக்கொண்டாள். கதவுக்கு வெளியே செயலாளரை நிற்க வைத்தாள். கொடியில் அப்பாவின் சட்டையைக் காயப்போட்டாள். பிடரி மயிர் சிலிர்த்தது. ஆனாலும் அடுத்த பக்கத்துக்குக் கை தானாகப் போனது. பயப்படுவதற்கு ஆசையாகவும் இருக்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் அப்பா, "போதும், மெஷின் சூடாயிடுச்சு" என்றார். நாற்பத்தாறு தாள்கள். அலமாரியில் அடுக்கிக் கவிழ்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். நாவலில் விட்ட இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு சீட்டு கிடந்தது. எடுத்துச் செருகி, புத்தகத்தைத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்தாள்.

அது சிவப்புச் சீட்டு.

மறுநாள் வகுப்பில் கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் பைக்குள் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பாக. கடைசி மணி வரை அவள் எந்தப் பாடத்திலும் இல்லை.

நான்கு மணிக்கு ஓடி வந்தாள். இஸ்திரிப் பெட்டி தரையில் இருந்தது. அலமாரி காலி. மெஷின் தட்டை இழுத்துப் பார்த்தாள். ஆறே ஆறு தாள்கள். திருப்பினாள். ஒன்றாம் பக்கம். மூன்றாம் பக்கம். பதினொன்று வரை.

"அப்பா, இங்க இருந்த தாளு?"

"காலையில செயலாளர் சார் நோட்டீஸ் அடிக்கச் சொன்னாரு. தண்ணித் தொட்டி கழுவுறாங்களாம் நாளைக்கு. வீட்டுக்கு ஒண்ணுன்னு நாப்பது. அவரே சீல் குத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு. சிவப்பு இல்லாததால வெறும் தாளுன்னு அதுலதான் அடிச்சேன். ஏன்?"

அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நாப்பது தாளா? ஒண்ணு போனாலே மூட்டையைக் கட்டுன்னாரு. நாப்பதா?"

"போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்பா."

"நாப்பது வீட்டுக் கதவைத் தட்டுவியா? ஏன்னு கேட்டா என்ன சொல்லுவே? பேசாம இரு. நோட்டீஸோட பின்பக்கத்தை யாரு படிக்கப்போறா? முன்பக்கத்தையே படிக்க மாட்டாங்க. மூச்சுக் காட்டாதே."

நியாயமாகத்தான் பட்டது. ஐந்து மணி வரை.

முதலில் வந்தவர் மூன்றாம் மாடித் தொப்பி சார். வெயிலோ மழையோ தொப்பி இல்லாமல் வெளியே வராதவர். அன்றைக்குத் தொப்பி இல்லை. கவுன்ட்டரில் நோட்டீஸை வைத்து, பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். "மூன்றாம் மாடிக்காரன் குளிக்கும்போது என்ன பாட்டை முணுமுணுக்கிறான் என்பதும் குறிப்பில் இருந்தது" என்றிருந்தது.

"இது எல்லாருக்கும் வந்திருக்கா, எனக்கு மட்டுமா?"

"தெரியலைங்க சார்," என்றார் அப்பா.

"நான் பாடறது யாருக்காவது தொந்தரவுன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படி எழுதி சீல் குத்தி அனுப்பணுமா?"

"சார், அது..." என்று ஆரம்பித்தவளின் காலை அப்பா கவுன்ட்டருக்கு அடியில் மிதித்தார்.

அடுத்து வந்த தையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தது, ஒரு பெண் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுக்கிற பக்கம். அவர் அதைக் கவுன்ட்டரில் வைத்துத் திருப்பிக் காட்டினார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். யாருக்கு எந்தப் பக்கம் போயிருந்ததோ, அது அவருக்கென்றே எழுதினது மாதிரி பொருந்திக்கொண்டது. அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று, பதினைந்து, பதினேழு... நாவலில் அந்த ஆறு மணி உத்தரவு அப்படியே கட்டம் கட்டி அச்சடித்திருந்த முப்பத்தேழாம் பக்கம் யார் வீட்டுக்குப் போயிருக்கும்?

ஐந்தரைக்கு அதற்குப் பதில் கிடைத்தது. இரண்டாம் மாடியிலிருந்து ஒலிபெருக்கி படித்தாள். நடுவில் வெளிச்சக் கூடமும் அதைச் சுற்றி வராந்தாக்களுமாகக் கட்டிய கட்டடம் அது. மேலே தும்மினால் கீழே கேட்கும்.

"எல்லாரும் கேளுங்க! 'இன்று முதல் மாலை ஆறு மணிக்கு அனைவரும் தத்தம் வாசலில் நிற்க வேண்டும். எண்ணும்போது இல்லாதவர் இல்லாதவராகவே கருதப்படுவார். இல்லாதவரைப் பற்றிக் கேட்பவரும் இல்லாதவராகவே கருதப்படுவார்.' சீல் இருக்கு! செயலாளர் சீல்!"

"தண்ணித் தொட்டி கழுவுறதுக்கு எதுக்கு எண்ணணும்?" என்றது ஐந்தாம் மாடியிலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஆளுக்கு எத்தனை குடம்னு பிரிப்பாங்களா இருக்கும். இல்லைன்னா தண்ணி கிடையாது. அதான் அர்த்தம்."

"அப்படின்னா என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருக்காரே!"

"போன் பண்ணி ஓடி வரச் சொல்லுங்க!"

கதவுகள் திறந்தன. ஒன்று, இரண்டு, பிறகு சடசடவென்று. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை எழுப்பித் தூக்கி வந்தார்கள். சோப்பு நுரையோடு ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாயிருந்த பெரியவரை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. திட்டினார்கள், சிரித்தார்கள், "இதென்ன கூத்து" என்றார்கள். ஆனால் நின்றார்கள். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் சிரிப்பும் நின்றுவிட்டது.

அவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஐந்து மாடியிலும் வரிசையாக முகங்கள். நேற்றுப் பச்சை வெளிச்சத்தில் பார்த்த நகரம் இதுதான். இருட்டுப் பக்கங்களில் அவள் எழுதியிருந்தது தப்பு. கதவுக்கு வெளியே யாரும் வந்து நிற்க வேண்டியதே இல்லை. அவர்களாகவே வந்து நிற்கிறார்கள்.

"அப்பா, சொல்லிடலாம்பா."

"சொன்னா ராத்திரிக்கு எங்க படுக்கறது? அம்மா ஏழு மணிக்குத் தையல் யூனிட்டுல இருந்து வருவா. வந்து பூட்டின ஷட்டரைப் பாக்கட்டுமா?"

அவள் ஷட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குச் செயலாளர் கட்டட வாசலுக்குள் நுழைந்தார். தொட்டி கழுவுகிற ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறார். கையில் வீட்டு எண்களும் பெயர்களும் எழுதிய தண்ணீர்க் குழாய்ப் பட்டியல். உள்ளே வந்தவர் அண்ணாந்தார். வாசல் வாசலாக மனிதர்கள் தன்னைப் பார்த்து நின்றார்கள். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மெதுவாகப் பேனாவை எடுத்தார்.

ஏன் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தப் பேனா மூடி கழன்ற சத்தம் அவளுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ஒண்ணாம் நம்பர்?"

"நாலு பேரு சார்!"

"ரெண்டு?"

"மூணு சார். பெரியவன் வந்துட்டே இருக்கான் சார், பஸ்ல இருக்கான், எழுதிக்குங்க சார்!"

"நிக்கிறவங்களைத்தான் எழுத முடியும்."

மாடி மாடியாக ஏறினார். கடையைத் தாண்டும்போது, விறைப்பாக நின்ற அப்பாவையும் அவளையும் பார்த்தார், எழுதவில்லை. பட்டியலில் கடைக்கு எண் இல்லை.

மூன்றாம் மாடியில் நின்றார். "பதினேழு?"

சத்தம் இல்லை.

"பதினேழு, யாருமில்லையா?" பேனா தாளில் எழுதுவது கீழே நின்ற அவளுக்குக் கேட்ட மாதிரி இருந்தது. "பதினேழு, இல்லை."

பதினாறாம் எண் வீட்டுக்காரி ஊசி அக்காவின் சாவியை வாங்கி வைத்திருப்பவள், ஜுரம் என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறவள். தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்க ட்யூட்டிக்குப் போயிருக்காங்க!"

கத்தியது தான்தான் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. எல்லா முகங்களும் கீழே திரும்பின.

"ஏய் ஜெராக்ஸ் பொண்ணு, வாயை மூடு!" ஒலிபெருக்கியின் குரல் முதல் முறையாகக் கிசுகிசுத்தது. "கேக்கிறவங்களும் இல்லைன்னு போட்டிருக்கு."

அப்பாவின் கை அவள் தோளில் விழுந்தது. அழுத்துகிறதா, பிடித்துக்கொள்கிறதா என்று தெரியவில்லை.

"அது நோட்டீஸ் இல்லை! பின்னாடி இருக்கிறது கதை! ஊசி அக்காவோட நாவல். நான் சிவப்புச் சீட்டு வைக்க மறந்துட்டேன். எல்லாம் கதை. நீங்க எல்லாரும் உள்ள போங்க. தயவுசெஞ்சு உள்ள போங்க!"

யாரும் நகரவில்லை. செயலாளர் பக்கத்தில் நின்றவரிடமிருந்து ஒரு நோட்டீஸை வாங்கி, முதல் முறையாகத் திருப்பிப் பார்த்தார். நிதானமாகப் படித்தார். பிறகு ஒலிபெருக்கியின் தாளை வரவழைத்து அதையும் படித்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் சிரித்தார்கள். துண்டு கட்டியவர், "அடப் போங்கய்யா" என்று உள்ளே போனார். தொப்பி சார் மட்டும், "அப்ப நான் பாடலாமா?" என்று கேட்டார்.

செயலாளர் கீழே இறங்கி வந்தார். அப்பா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"சார், சின்னப் பொண்ணு சார். நாளைக்கே காலி பண்ணிடறோம் சார். ரெண்டு நாள் மட்டும் டைம் குடுத்தீங்கன்னா..."

"எதுக்குக் காலி பண்ணணும்?" செயலாளர் பட்டியலைக் கவுன்ட்டர் மேல் விரித்தார். மை இன்னும் காயவில்லை. "பன்னெண்டு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா, எத்தனை பேரு இருக்கான்னு கணக்கெடுக்கப் பாக்கறேன். ஒருத்தன் கதவைத் திறக்க மாட்டான். இன்னைக்குப் பத்து நிமிஷத்துல பதினேழு வீடு முடிஞ்சுது. கதையா இருந்தா என்ன? நல்லாத்தானே எழுதியிருக்கான். மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை, ஆறு மணி. இதை ஒரு படிவமா கட்டம் போட்டு நாப்பது காப்பி அடிச்சு வைங்க." போகப் போனவர் திரும்பினார். "இந்தத் தடவை பின்பக்கம் வெள்ளையா இருக்கட்டும். ஆங், கடையையும் சேத்துக்குங்க. நாப்பத்தொண்ணு."

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிழைத்துக்கொண்டார்கள். அம்மா வந்ததும் முதல் செய்தியாக அதைத்தான் சொன்னார்: "நமக்கும் நம்பர் குடுத்துட்டாங்க."

சனிக்கிழமை காலை ஊசி அக்கா வந்தாள். நடந்ததைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "பதினாறுகூடவா ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டாள். பிறகு சிரிக்கவில்லை. தாள்கள் போனதற்கு ஒரு வார்த்தை திட்டாமல், "மறுபடி அடி. நாளைக்கு வரைக்கும் புக்கு உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பதினாறாம் எண் வீட்டைத் தாண்டும்போது அவள் நடை கொஞ்சம் வேகமானதை இவள் கீழிருந்து பார்த்தாள்.

அன்றைக்கு வலப்பக்கங்களை முடித்து, மறுநாள் இடப்பக்கங்களை அடிக்கையில் ஒவ்வொன்றாகப் படித்தாள். இருபத்து நான்காம் பக்கத்தில், கதவுக்கு வெளியே யாருமே இல்லை.

செயலாளரின் பட்டியலும் கவுன்ட்டரில்தான் இருந்தது. அதை வைத்துத்தான் படிவம் அடிக்க வேண்டும். பதினேழுக்கு எதிரே "இல்லை" என்று அழுத்தி எழுதியிருந்தது. ஜெராக்ஸ் கடையில், நகலில் விழக் கூடாத எழுத்து இருந்தால் அதன் மேல் ஒரு வெள்ளைச் சீட்டை வைத்துக் கவிழ்ப்பார்கள். கறையை, அடித்தலை, பழைய தேதியை அப்படித்தான் மறைப்பார்கள். அவள் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து, அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். அப்பா திரைக்குப் பின்னால் இருமினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். பச்சை வெளிச்சம் போய்வந்தது.

இருபத்திரண்டு வருடமாக முதல் வெள்ளிக்கிழமை எண்ணிக்கை நடக்கிறது. செயலாளர்கள் மாறிவிட்டார்கள். ஊசி அக்கா எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டாள். மெஷினும் புதுசு, இரண்டு பக்கமும் தானே அடிக்கும். ஏன் நிற்கிறோம் என்று கேட்டால், "அது அப்படித்தான், ரொம்ப நாளா இருக்கு" என்பார்கள். மறுநாள் பட்டியல் நகலெடுக்க அவளிடம் வரும். யாராவது பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், யாராவது ஆஸ்பத்திரியில், யாராவது சும்மா வெறுத்துப்போய் உள்ளேயே இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே எழுதிய "இல்லை"களை மறைக்க அவள் வெள்ளைச் சீட்டுகளைக் கத்தரிப்பாள்.

அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒரு நாள் பார்ப்பார்கள் என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. பொத்தானை அமுக்கும் விரல் இன்னும் ஒவ்வொரு தடவையும் சில்லிடுகிறது. அடித்து முடித்து, சீட்டுகளை ஊதிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, அலமாரியிலிருந்து புது நாவலை எடுத்து முதல் வலப்பக்கத்தைத் திறக்கிறாள். அந்த விரலிலேயே.